சாளரத்தில் எண் ஊகிக்கும் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி 1 முதல் 100 வரையுள்ள ஏதோ ஓர் எண்ணை ஒளித்து வைத்துக்கொள்கிறது. ஆடுபவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். அது சிறியதா, பெரியதா, சரியா என்று கணினி குறிப்புக் கொடுக்கிறது. நிரல் எழுதப் பழகுபவர்கள் பலரும் முதலில் எழுதிப் பார்க்கும் விளையாட்டு இதுதான். எழுத்துகள் மட்டும் ஓடும் முனையத்தில் இதை எழுதி முடித்தவர்கள், அடுத்ததாகப் பெட்டியும் பொத்தானும் உள்ள சாளரத்துக்கு மாற்ற முயலும்போது பெரும்பாலும் ஒரே இடங்களில் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களைப் பற்றிய பதில்கள் இவை. பைத்தான் மொழியையும், அதில் சாளரம் வரைய உதவும் டிகின்டர் தொகுதியையும் வைத்தே பேசுகிறேன்; தேவைப்படும் இடத்தில் மட்டும் வேறு மொழிகளைத் தொடுகிறேன்.

ஏன் டிகின்டர்? அது பழையதாயிற்றே?

பழையதுதான். அதன் அடியில் இருக்கும் டிகே என்ற கருவித்தொகுப்பை ஜான் ஔஸ்டர்ஹௌட் அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தபோது உருவாக்கினார். ஆனால் பைத்தானை நிறுவும்போது பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. தனியாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. பைத்தானுடன் வரும் ஐடில் என்ற எழுதுகருவியே டிகின்டரில் எழுதப்பட்டதுதான். ஒரு பெட்டி, இரண்டு பொத்தான், மூன்று வரி எழுத்து கொண்ட விளையாட்டுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். பெரிய கருவித்தொகுப்பின் பாடங்களில் முதல் வாரம் முழுவதும் போய்விட்டால், விளையாட்டை எழுதும் ஆசையே வடிந்துவிடும்.

என் கணினியில் டிகின்டர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முனையத்தில் பைத்தானை ‘-எம் டிகின்டர்’ என்ற குறிப்புடன் இயக்குங்கள். சிறிய சோதனைச் சாளரம் ஒன்று திறந்தால் இருக்கிறது என்று பொருள். விண்டோஸில் அநேகமாகத் திறந்துவிடும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் இது தனிப் பொதியாக இருப்பதால், ‘பைத்தான்3-டிகே’ என்ற பொதியை நிறுவ வேண்டியிருக்கும்.

முனையத்தில் நன்றாக ஓடிய நிரலைச் சாளரத்துக்குள் வைத்தேன். சாளரம் அப்படியே உறைந்துவிடுகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

முனைய நிரலில் ஒரு ‘வைல்’ சுழற்சி இருக்கும். அது ஆடுபவரிடம் எண்ணைக் கேட்கும், பதில் வரும்வரை நிற்கும், ஒப்பிடும், மறுபடி கேட்கும். எப்போது எது நடக்க வேண்டும் என்பதை உங்கள் நிரலே முடிவு செய்கிறது. சாளர நிரலில் அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை. சாளரத்தை வரைந்து முடித்ததும் ‘மெயின்லூப்’ என்ற செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைக்கிறீர்கள். அந்தக் கணம் முதல் சுழற்சி அதன் கையில். கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் கடைக்காரரைப் போல அது காத்திருக்கிறது: சுட்டி அசைந்ததா, விசை அழுத்தப்பட்டதா, வேறொரு சாளரம் மேலே வந்து மறைத்ததா என்று பார்க்கிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய செயற்கூற்றை அழைத்து, அது முடிந்ததும் மீண்டும் காத்திருக்கத் தொடங்குகிறது.

பொத்தானுக்கு உரிய செயற்கூற்றுக்குள் உங்கள் பழைய ‘வைல்’ சுழற்சியை வைத்தால், அது முடியும்வரை மெயின்லூப்புக்குக் கட்டுப்பாடு திரும்பாது. அதுவரை சாளரத்தைத் திரும்ப வரைய ஆள் இல்லை, மூடும் பொத்தானைக் கவனிக்கவும் ஆள் இல்லை. இயங்குதளம் அதைப் பார்த்து ‘இந்த நிரல் பதிலளிக்கவில்லை’ என்று அறிவித்துவிடுகிறது. ‘டைம்’ தொகுதியின் ‘ஸ்லீப்’ செயற்கூற்றை அழைத்தாலும் இதே கதைதான்.

ஆகவே அந்தச் சுழற்சியை நீக்கிவிடுங்கள். ஒரு சுற்றில் நடக்கும் வேலை மட்டும் எஞ்சட்டும்: பெட்டியிலிருந்து எண்ணை எடு, ஒப்பிடு, குறிப்பைக் காட்டு, முடி. அடுத்த சுற்று ஆடுபவர் மறுபடி பொத்தானை அழுத்தும்போது தானாக வரும்.

சுழற்சி போய்விட்டால், ஒளித்து வைத்த எண்ணும் முயற்சிக் கணக்கும் எங்கே இருக்கும்?

நல்ல கேள்வி. முன்பு சுழற்சிக்குள் இருந்த மாறிகள் இப்போது ஒரு அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடையில் உயிரோடு இருக்க வேண்டும். பலரும் அவற்றை நிரலின் மேலேயே பொது மாறிகளாக வைக்கிறார்கள். அப்போது ஒரு விசித்திரம் தெரியும்: செயற்கூற்றுக்குள் ரகசிய எண்ணைப் படிக்க முடிகிறது, ஆனால் முயற்சிக் கணக்கில் ஒன்றைக் கூட்டினால் பிழை வருகிறது. செயற்கூற்றுக்குள் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தாலே பைத்தான் அதை உள் மாறியாக எடுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். ‘குளோபல்’ என்று அறிவித்தால் பிழை நீங்கும்.

ஆனால் நான் அந்த வழியைப் பரிந்துரைக்கமாட்டேன். விளையாட்டைத் தனி வகுப்பாக (கிளாஸாக) எழுதுங்கள். அதற்குச் சாளரம் என்ற ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. கீழே இருப்பது பைத்தான் அல்ல, அமைப்பைக் காட்டும் தமிழ் வரைவு:

வகுப்பு ஆட்டம்
– தொடங்கு (கீழ், மேல்): ரகசியம் = கீழ் முதல் மேல் வரை ஏதோ ஓர் எண்; முயற்சி = 0
– ஊகி (எண்): முயற்சியில் 1 கூட்டு, எண் ரகசியத்தைவிடக் குறைவானால் ‘சிறியது’, கூடுதலானால் ‘பெரியது’, இல்லையேல் ‘சரி’ என்று திருப்பிக் கொடு

இவ்வளவுதான் விளையாட்டு. சாளரத்தின் வேலை, பெட்டியில் உள்ளதை எடுத்து ‘ஊகி’யிடம் கொடுப்பதும், திரும்பி வந்த சொல்லை எழுத்தாகக் காட்டுவதும் மட்டுமே. இப்படிப் பிரித்தவர்களுக்குப் பல நன்மைகள். சாளரத்தைத் திறக்காமலேயே விளையாட்டைச் சோதிக்கலாம். நாளை டிகின்டரை விட்டு வேறு கருவித்தொகுப்புக்கோ இணையப் பக்கத்துக்கோ போனால் இந்த வகுப்பில் ஒரு வரியும் மாறாது. ‘குறிப்புத் தவறாக வருகிறது’ என்றால் எந்தப் பாதியில் தேட வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும். இவ்வளவு சிறிய நிரலுக்கு எதற்கு என்று கேட்பார்கள். சிறிய நிரலில் பழகாத ஒழுங்கு பெரிய நிரலில் வராது என்பதே என் உறுதியான கருத்து.

சாளரத்தில் என்னென்ன வைக்க வேண்டும்?

விதியைச் சொல்லும் ஒரு வரி, எண்ணை எழுத ஒரு பெட்டி, ‘ஊகி’ பொத்தான், குறிப்புக்கான இடம், முயற்சிக் கணக்கு, ‘புதிய ஆட்டம்’ பொத்தான். டிகின்டரில் எழுத்தைக் காட்ட ‘லேபிள்’, எழுதும் பெட்டிக்கு ‘என்ட்ரி’, பொத்தானுக்கு ‘பட்டன்’.

இவற்றை அடுக்க ‘பேக்’, ‘கிரிட்’ என இரண்டு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரே கொள்கலனுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், பிழை வரும். வரிசை, நெடுவரிசை என்று எண்ணிப் பார்க்க முடிவதால் நான் ‘கிரிட்’டையே சொல்வேன்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செயற்கூறு ஓடிவிடுகிறது. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை.

‘கமாண்ட்’ என்ற இடத்தில் செயற்கூற்றின் பெயரை அடைப்புக்குறிகளோடு எழுதியிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் ‘இப்போதே ஓடு’ என்று பொருள். பெயரை மட்டும் கொடுங்கள். ஓட்டும் வேலையை டிகின்டர் பார்த்துக்கொள்ளும். செயற்கூற்றுக்கு ஏதாவது மதிப்பும் அனுப்ப வேண்டுமென்றால் ‘லாம்டா’ என்ற பெயரில்லாச் சிறு செயற்கூற்றில் சுற்றிக் கொடுங்கள்.

என்டர் விசையை அழுத்தினாலும் ஊகம் போக வேண்டும். எப்படி?

பெட்டியின் ‘பைண்ட்’ முறையில் ‘ரிட்டர்ன்’ நிகழ்வோடு அதே செயற்கூற்றை இணையுங்கள். ஒரே ஒரு வேறுபாடு: பொத்தான் செயற்கூற்றை வெறுங்கையோடு அழைக்கும், விசை நிகழ்வோ ‘இவென்ட்’ என்ற ஒரு பொருளையும் சேர்த்து அனுப்பும். அந்த அளவுருவுக்கு ‘நன்’ (எதுவும் இல்லை) என்று இயல்பு மதிப்புக் கொடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே செயற்கூறு போதும்.

இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குப் போய்த் திரும்பினால் விளையாட்டு அலுத்துவிடும். ஊகம் முடிந்ததும் பெட்டியைக் காலியாக்கி, ‘ஃபோகஸ்_செட்’ மூலம் துடிப்பியை (எழுதும் இடத்தைக் காட்டி மினுக்கும் கோட்டை) அதே பெட்டியில் நிறுத்திவிடுங்கள்.

சரியான எண்ணைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் ‘சரி’ என்று வருவதே இல்லை.

பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துச்சரம். 42 என்று தட்டினாலும் கையில் கிடைப்பது ‘4’, ‘2’ என்ற இரண்டு எழுத்துகள். பைத்தானில் அது 42 என்ற எண்ணுக்கு ஒருபோதும் சமமாகாது. சிறியதா பெரியதா என்று ஒப்பிட்டால் பிழையே வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் ஆபத்தானது. இரண்டு பக்கமும் எழுத்துச்சரமாக இருந்தால் அகராதி வரிசையில் ஒப்பிட்டு, 50ஐவிட 9 பெரியது என்று அமைதியாகச் சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிக்க நேரமாகும்.

பைத்தானில் ‘இன்ட்’ செயற்கூற்றால் எண்ணாக மாற்றுங்கள். மாற்ற முடியாததை ஆடுபவர் எழுதியிருந்தால் ‘வேல்யூஎர்ரர்’ எழும். அதை ‘டிரை’, ‘எக்ஸெப்ட்’ கொண்டு பிடித்து, ‘முழு எண்ணை மட்டும் எழுதுங்கள்’ என்று காட்டுங்கள். அதை ஒரு முயற்சியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கை தவறி எழுத்தை அழுத்தியவரிடமிருந்து வாய்ப்பைப் பறிப்பது நியாயமில்லை. 1க்குக் குறைவான, 100க்கு மேலான எண்களுக்கும் அப்படியே.

எல்லாம் இலக்கம்தானா என்று பார்க்கும் ‘இஸ்டிஜிட்’ வைத்து முதலிலேயே சோதித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மேலே எழுதப்படும் சிறிய ² போன்ற குறியையும் ‘இஸ்டிஜிட்’ இலக்கம் என்றே ஏற்கும், ‘இன்ட்’ ஏற்காது. மாற்றிப் பார்த்துப் பிழையைப் பிடிப்பதே உறுதியான வழி.

தமிழர்களுக்கு இதில் ஒரு இனிய செய்தி உண்டு. ‘இன்ட்’ யூனிகோடின் எல்லாப் பதின்ம இலக்கங்களையும் புரிந்துகொள்ளும். ஆடுபவர் ௪௨ என்று தமிழ் எண்ணுருவில் எழுதினாலும் அது 42 ஆகிவிடும். நீங்கள் கூடுதலாக ஒரு வரியும் எழுத வேண்டாம். ஆனால் பழைய முறைப்படி ௪௰௨ என்று எழுதினால் பிழை வரும், ஏனென்றால் பத்தைக் குறிக்கும் ௰ யூனிகோடில் பதின்ம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை.

1 முதல் 100 வரை என்றால் 100 வருமா, வராதா?

‘ரேண்டின்ட்’ இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். 1, 100 இரண்டும் வரும். ‘ரேண்ட்ரேஞ்ச்’ மேல் எல்லையை விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 1க்குச் சற்றுக் குறைவுவரை ஒரு பின்னம்தான் கிடைக்கும். அதை 100ஆல் பெருக்கி, ‘ஃப்ளோர்’ கொண்டு கீழ்நோக்கி முழுமையாக்கி, 1 கூட்ட வேண்டும். ‘ஃப்ளோர்’க்குப் பதில் ‘ரவுண்ட்’ போட்டால் 1 முதல் 101 வரை வரும். அதிலும் இரண்டு ஓர எண்களும் மற்றவற்றைவிடப் பாதி அளவே வரும்.

பைத்தானின் ‘ரேண்டம்’ தொகுதிக்குள் இருப்பது மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர்கள் வடிவமைத்த மெர்சென் ட்விஸ்டர் முறை. விளையாட்டுக்குத் தாராளமாகப் போதும். கடவுச்சொல் உருவாக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு ‘சீக்ரெட்ஸ்’ தொகுதி தனியாக இருக்கிறது.

‘ரேண்டம்’ தொகுதியில் ‘ரேண்டின்ட்’ இல்லை என்று பிழை வருகிறது!

உங்கள் கோப்புக்கே ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பைத்தான் முதலில் உங்கள் கோப்புறையில்தான் தேடும். உங்கள் கோப்பையே தொகுதி என்று எடுத்துக்கொள்ளும். ‘டிகின்டர்’ என்று பெயர் வைத்தாலும் இதே தொல்லை. பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

எத்தனை வாய்ப்புகள் கொடுக்கலாம்?

இந்த விளையாட்டின் அழகு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவசரமாக ‘10 இருக்கட்டும்’ என்று எழுதிவிடாதீர்கள்.

நன்றாக ஆடுபவர் எப்போதும் எஞ்சிய எல்லையின் நடு எண்ணைச் சொல்வார். முதலில் 50. சிறியது என்றால் 75, பிறகு 88 என்று ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதி விலகிவிடும். 1 வாய்ப்பில் 1 எண்ணைத்தான் உறுதியாகப் பிடிக்க முடியும். 2 வாய்ப்பில் 3 எண்கள், 3 வாய்ப்பில் 7, பிறகு 15, 31, 63, 127. ஒவ்வொன்றும் முந்தியதன் இரு மடங்கோடு ஒன்று. 100 என்பது 63க்கும் 127க்கும் இடையில் இருப்பதால் 7 வாய்ப்பு கொடுத்தால் முறையாக ஆடுபவர் தோற்கவே மாட்டார். மிகக் கடினமான 100ஐக் கூட 50, 75, 88, 94, 97, 99, 100 என்று ஏழாவதில் பிடித்துவிடலாம். சராசரியாக அவருக்கு 5.8 ஊகங்கள் ஆகும்.

6 வாய்ப்பு மட்டும் கொடுத்தால், எவ்வளவு திறமையாக ஆடினாலும் 100 எண்களில் 63ஐ மட்டுமே பிடிக்க முடியும். 5 வாய்ப்பென்றால் 31. ஆகவே எளிது, நடுத்தரம், கடினம் என்று நிலைகள் வைக்க விரும்பினால் 10, 7, 6 என்பது நல்ல அமைப்பு. 7 என்பது திறமைக்கு முழுப் பரிசு தரும் எண் என்பதால் நான் அதையே இயல்பாக வைப்பேன். எல்லையை 1000 ஆக்கினால் 10 வாய்ப்பு போதும்; 10 லட்சம் ஆக்கினாலும் 20தான். பிள்ளைகளிடம் இந்தக் கடைசிக் கணக்கைச் சொல்லி, எல்லையை மாற்றி ஆடச் சொல்லுங்கள். இருமத் தேடல் என்ற பெயரைக் கேள்விப்படும் முன்பே அதைக் கையால் செய்து பார்த்திருப்பார்கள்.

குறிப்பை எப்படிக் காட்டுவது? ‘பெரியது’ என்று போட்டால் போதாதா?

போதாது. எது பெரியது? சொன்ன எண்ணா, ஒளிந்திருக்கும் எண்ணா? ‘50 சிறியது. இன்னும் பெரிய எண்ணைச் சொல்லுங்கள்’ என்று முழுதாக எழுதுங்கள். பெட்டி காலியாகிவிடுவதால், தான் கடைசியாகச் சொன்ன எண்ணும் அந்த வரியில் தெரிவது ஆடுபவருக்கு உதவும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் தனிச் செய்திப்பெட்டி எழுப்பாதீர்கள். அதை மூட ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்தம் வீணாகிறது. வெற்றி, தோல்விக்கு வேண்டுமானால் ஒருமுறை எழுப்பலாம். நிறம் சேர்ப்பது நல்லதே; ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள்.

‘51 முதல் 74 வரை’ என்று எஞ்சிய எல்லையைக் காட்டச் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது சரி. மற்றவர்களுக்கு அந்தக் கணக்குப் போடுவதுதானே விளையாட்டு? முன்பு சொன்ன எண்களின் பட்டியலை மட்டும் காட்டுவேன்.

தமிழில் எழுதிய குறிப்புகள் லினக்ஸில் உடைந்து தெரிகின்றன.

உங்கள் நிரலில் தவறில்லை. லினக்ஸில் ஓடும் டிகே 8.6, எழுத்துகளை யூனிகோடு வரிசைப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வரைகிறது; தமிழுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்வதில்லை. அதனால் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் முன்னால் வர வேண்டிய குறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றினாலும் தீராது. விண்டோஸில் இந்த இடமாற்றத்தை இயங்குதளமே செய்துவிடுவதால், நிர்மலா யூஐ எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகத் தெரியும்.

லினக்ஸிலும் தமிழ் செம்மையாக வர வேண்டுமென்றால் க்யூட்டி, ஜிடிகே ஆகிய கருவித்தொகுப்புகளில் ஒன்றுக்கோ இணையப் பக்கத்துக்கோ மாறுவதே வழி. ஆட்டத்தைத் தனி வகுப்பாக எழுதியிருந்தால் இந்த மாற்றம் ஒரு மாலை வேலை. தமிழில் விளையாட்டைத் தர நினைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். பைத்தான் 3 அதை அனுமதிக்கிறது: ‘ரகசியம்’, ‘முயற்சி’ என்றே எழுதலாம். பைத்தானின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவையும் தமிழில் வேண்டுமென்றால் ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் பெரிய உதவி. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் பிரிந்து தெரியும்.

நேரக் கணக்கு வைக்க முடியுமா?

‘ஸ்லீப்’ வேண்டாம் என்று முன்பே பார்த்தோம். ‘ஆஃப்டர்’ என்ற முறைக்கு 1000 என்ற எண்ணையும் ஒரு செயற்கூற்றின் பெயரையும் கொடுத்தால், 1000 மில்லி வினாடி கழித்து அதை அழைக்கும். அந்தச் செயற்கூறு முடியும்போது மறுபடி ‘ஆஃப்டர்’ சொல்லிக்கொண்டால் வினாடி ஓடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அழைப்புகள் சற்றுத் தாமதமாகவே வரும் என்பதால், எத்தனை முறை வந்தது என்று எண்ணி நேரத்தைக் கணிக்காதீர்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். புதிய ஆட்டம் தொடங்கும்போது பழைய அழைப்பை ‘ஆஃப்டர்_கேன்சல்’ மூலம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு கடிகாரங்கள் சேர்ந்து ஓடும்.

ஆடுபவர் எண்ணை நினைக்க, கணினி ஊகிக்குமாறு மாற்றலாமா?

மாற்றுங்கள், முதல் விளையாட்டைவிட இது சுவையானது. ‘சிறியது’, ‘பெரியது’, ‘சரி’ என்று மூன்று பொத்தான்கள். கணினி கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் வைத்துக்கொண்டு நடு எண்ணைச் சொல்லும். ‘சிறியது’ என்றால் கீழ் எல்லையை நடு எண்ணுக்கு அடுத்த எண்ணாகவும், ‘பெரியது’ என்றால் மேல் எல்லையை அதற்கு முந்தைய எண்ணாகவும் மாற்ற வேண்டும். நடு எண்ணையே எல்லையாக வைத்தால் சில வேளைகளில் கணினி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டால், ஆடுபவர் எங்கோ தவறான பதில் சொல்லியிருக்கிறார் என்று பொருள். அதைக் கனிவாகச் சொல்லிப் புதிய ஆட்டம் தொடங்குங்கள்.

ஒரு முறை பொய் சொல்ல அனுமதித்தால் என்ன ஆகும் என்று கணிதவியலாளர்களும் யோசித்திருக்கிறார்கள். 10 லட்சம் வரையுள்ள ஓர் எண்ணை, ஆம் இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் கண்டுபிடிக்க 20 கேள்விகள் போதும். பதில் சொல்பவர் ஒரு முறை பொய் சொல்லலாம் என்றால்? இந்தப் புதிரை 1976இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் முன்வைத்தார். 25 கேள்விகள் வேண்டும் என்று 1987இல் ஆண்ட்ரே பெல்ட்ஸ் நிறுவினார்.

பைத்தான் இல்லாத கணினியில் இதை எப்படிக் கொடுப்பது?

பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை ‘ஒன்ஃபைல்’ குறிப்புடன் இயக்கினால், உங்கள் நிரலையும் அதற்குத் தேவையான பைத்தான் பகுதிகளையும் ஒரே கோப்பாக்கித் தரும். பின்னால் கறுப்பு முனையம் திறக்காமலிருக்க ‘விண்டோட்’ குறிப்பைச் சேருங்கள். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸில்தான் உருவாக்க முடியும். லினக்ஸில் உருவாக்கியது அங்கே ஓடாது.

மிகக் குறைந்த முயற்சிகளில் வென்ற சாதனையை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே சேமித்திருந்தால், இந்த ஒற்றைக் கோப்பு வடிவத்தில் அது காணாமல் போகும். ஒவ்வொரு முறையும் நிரல் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரிக்கப்பட்டு, முடிந்ததும் அந்தக் கோப்புறை அழிக்கப்படுகிறது. ஆகவே சாதனைக் கோப்பைப் பயனரின் இல்லக் கோப்புறைக்குள் வையுங்கள். ‘பாத்லிப்’ தொகுதியின் ‘பாத்’ வகுப்பில் உள்ள ‘ஹோம்’ அந்த இடத்தைக் காட்டும்.